இடது கண்ணில் மட்டும்

ஜனவரி 8, புதன்

பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. சாயங்காலம் அம்மா அடை சுட்டாள். மூன்று சாப்பிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

எழுதிவிடுவதே நல்லது. எழுதாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை எங்கள் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான்தான் முதல். இந்த வருடம் தலைப்பு "குழந்தைத் தொழிலாளர்". தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த கோவில்பட்டியில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது. நூலகத்தில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஒன்பது புள்ளிவிவரங்கள், நான்கு மேற்கோள்கள். ஐந்தாவது நிமிட மணி அடிக்கவும் நான் "நன்றி, வணக்கம்" சொல்லவும் சரியாக இருந்தது. இதற்கு முன் யாரும் அப்படி முடித்ததில்லை.

எனக்குப் பின்னால் ஜெபசெல்வி பேசினாள். ஜூனில்தான் சாத்தான்குளத்திலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்தாள். அவள் அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் மாற்றல். அவள் பேச்சில் ஒரு மேற்கோள்கூட இல்லை. கழுகுமலைப் பக்கம் அவளுடைய சித்தி மகள் ஒருத்தி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிறாளாம். ஒன்பது வயதாம். ஒரு பெட்டிக்கு ஐம்பது குச்சி, அதனால் அவளுக்கு ஐம்பதுக்கு மேல் எண்ணத் தெரியாதாம். இப்படியே ஒரே ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம். நாட்டில் எத்தனை லட்சம் குழந்தைகள் என்பதை அவள் சொல்லவே இல்லை.

இரண்டாவது நிமிடத்தில் அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எங்கள் அப்பா கடையில் வாங்கிய கண்ணாடி.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். மேடைக்கு மிக அருகில், தரையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் அவளுடைய இடது கண்ணிலிருந்து மட்டும்தான் வந்தது. வலது கண் காய்ந்து கிடந்தது.

ஒரு கண்ணால் மட்டும் யாராலாவது அழ முடியுமா? வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தேன். எனக்கு இரண்டிலும் வரவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. புதன், சனி சாயங்காலங்களில் திருநெல்வேலியிலிருந்து டாக்டர் சேர்மக்கனி வந்து அங்கே கண் பார்ப்பார். அந்த அறைச் சுவரில் கண்ணின் படம் ஒன்று தொங்குகிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஆனால் எப்போதும் நடுவில் இருக்கிற பெரிய கண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். வலது மூலையில் உள்ள சின்னப் படத்தை இன்றைக்குத்தான் நின்று படித்தேன்.

கண்ணீர் சுரப்பது கண்ணுக்கு மேலே, காதுப் பக்கமாக. அது கண் முழுவதையும் நனைத்துவிட்டு மூக்குப் பக்கம் வந்து சேர்கிறது. அங்கே மேல் இமை ஓரத்தில் ஒரு துளை, கீழ் இமை ஓரத்தில் ஒரு துளை. ஊசிமுனை அளவுதான். கீழ் இமையை இழுத்து என் கண்ணில் பார்த்தேன், இருக்கிறது. பதினான்கு வருடமாக என் முகத்தில் இப்படி ஒரு துளை இருப்பது எனக்குத் தெரியாது. இரண்டு துளைகளிலிருந்தும் மெல்லிய குழல்கள் ஒரு சிறிய பைக்குப் போகின்றன. கண்ணின் மூலைக்கும் மூக்குத்தண்டுக்கும் நடுவே எலும்பில் ஒரு பள்ளம், அதில் அந்தப் பை உட்கார்ந்திருக்கிறது. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது கண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. பையிலிருந்து ஒரு குழாய் எலும்புக்குள்ளேயே இறங்கி மூக்கில் திறக்கிறது. அதனால்தான் அழுதால் மூக்கு ஒழுகுகிறது.

அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போக வழியில்லை. எங்கள் வீட்டு அங்கணத்தில் சோற்றுப் பருக்கை அடைத்தால் அடுப்படிவரை தண்ணீர் வருவதைப் போல, கண்ணீர் கன்னத்தில் வழியும். சந்தோஷமாக இருந்தாலும் வழியும், தூங்கி எழுந்தாலும் வழியும்.

ஜெபசெல்வி அழவில்லை. அவளுக்கு அடைத்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டதும் மனம் லேசாகிவிட்டது. ஓர் அறிவியல் உண்மையைக் கண்டுபிடிக்கிற எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 11, சனி

டாக்டரம்மாவுக்குக் காபி கொண்டுபோகிற சாக்கில் அறைக்குள் நின்றேன். கண்புரை ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் கண்ணீர் வழியைச் சோதிக்கிறார்கள். இன்று ஒரு தாத்தாவுக்கு. டாக்டரம்மா முனை மழுங்கிய ஊசியைக் கீழ் இமைத் துளையில் வைத்து உப்புத் தண்ணீரை மெல்லச் செலுத்தினார்.

"தொண்டைக்கு வருதா தாத்தா? உப்புக் கரிக்குதா?"

தாத்தா வாயைச் சப்புக்கொட்டினார். "வருது தாயி. நம்மூரு போர்த் தண்ணி மாதிரியே இருக்கு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அடைப்பு இருந்தால் தண்ணீர் தொண்டைக்குப் போகாமல் மேல் துளை வழியாகத் திரும்பி வந்துவிடுமாம். பிறந்த குழந்தைகள் நிறையப் பேருக்குக் குழாயின் அடிவாய் மூடியே இருக்கும், மூக்கோரத்தில் தினமும் அமுக்கி நீவிவிட்டால் ஒரு வருடத்துக்குள் திறந்துவிடும் என்றார். சிலருக்குத் திறக்காமலே போய்விடும்.

"எதுக்குக் கேக்கிற? ஒனக்குக் கண்ணு ஒழுகுதா?"

"சும்மாதான் டாக்டர்."

பழைய கையேடு ஒன்றை எனக்குக் கொடுத்தார். கண் மருத்துவ உதவியாளர்களுக்காக எழுதியது, தமிழில் இருக்கிறது. அட்டை போட்டு வைத்துவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் விடுமுறை. கையேட்டை முடித்துவிட்டேன். கரும்பு தின்றதில் நாக்கு புண்.

ஜனவரி 19, ஞாயிறு

ஜெபசெல்வி கடைக்கு வந்தாள். அவள் அம்மாவின் கண்ணாடிக்குக் கால் உடைந்திருந்தது. அப்பா அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். உதவி செய்யும் எண்ணம்தான்.

"இந்தாரு, இந்தப் பை. ஒனக்கு இதுக்குக் கீழ அடச்சிருக்கு."

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இது பையா? நான் என்னமோ சதை தொங்குதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு ஆள்காட்டி விரலைக் கண்மூலைக்குக் கீழே வைத்து அமுக்கினாள். துளையிலிருந்து மஞ்சளாகக் கொழகொழவென்று வந்தது. தாவணி நுனியால் துடைத்துக்கொண்டாள்.

"காலையில எந்திச்சதும் அமுக்கிருவேன். இல்லன்னா மத்தியானத்துக்குள்ள இமை ஒட்டிக்கிடும்."

"எப்போ இருந்து?"

"கைப்பிள்ளையில இருந்தே. நீவிவிடச் சொன்னாங்களாம், நான் கத்துன கத்துல அம்மா விட்டுட்டா. அப்புறம் கோயில்ல எல்லாரும், ஜெபத்துல உக்காந்தா இந்தப் பிள்ளைக்குக் கண்ணீர் தானா வருது, ஆவியானவர் தொட்டிருக்காருன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அதுக்குப் பெறகு எங்க வீட்டுல யாரு வைத்தியம் பாப்பா?" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. அதையும் எல்லோரும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை டாக்டரம்மா வருவார், காட்டு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"இப்ப வேண்டாம் வடிவு. மாவட்டப் போட்டி முடியட்டும். இவளுக்குக் கண்ணு நோயி, அழுகையெல்லாம் பொய்யின்னு டீச்சருக்குத் தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்க. நீ சொல்லிராத."

"சொல்ல மாட்டேன்."

"ஒன் நோட்டு மேல கை வச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். நான் வாக்குத் தவறியதில்லை.

ஜனவரி 24, வெள்ளி

வட்டாரப் போட்டியிலும் அவளே முதல். பிப்ரவரி 8, தூத்துக்குடியில் மாவட்டப் போட்டி. ஒரு பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் நான்.

எங்கள் தமிழாசிரியை உலகம்மாள் டீச்சர் அவளிடம் சொன்னது: "கண்ணீர் வந்தா தொடைக்காத. கைக்குட்டையே கொண்டுபோகாத. வழியட்டும்."

என்னிடம் சொன்னது: "வடிவு, ஒனக்கு எல்லாம் மூளையில இருந்து வருது. அவளுக்கு நெஞ்சுல இருந்து வருது. அதான் வித்தியாசம்."

அவளுக்கு வருவது நெஞ்சிலிருந்து இல்லை, மூக்கெலும்புக்குப் பக்கத்திலிருந்து. அதை நான் சொல்லவில்லை. வாக்கு.

ஜனவரி 27, திங்கள்

நான்கு மணிக்கு மேல் தினமும் ஒத்திகை. ஜெபசெல்வி பேசுவாள். நான் அவளுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். மூன்று வருடம் முதல் பரிசு வாங்கியவளுக்கு இந்த வேலை. டீச்சர் வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே வைத்திருக்கிறார். காற்றுப் பட்டால் உணர்ச்சி நன்றாக வருகிறதாம்.

அவள் ஒரு தடவைகூட மறக்கவில்லை. எனக்கும் இப்போது முழுதும் மனப்பாடம்.

அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி.

ஜனவரி 29, புதன்

ஒத்திகை முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனபோது அங்கே ஒரு குரல் கேட்டது. ஜெபசெல்வி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தனக்குத்தானே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முதுகும் பின்னலும் மட்டும்தான் தெரிந்தன. முகம் தெரியவில்லை. கண்ணீர் வந்ததோ இல்லையோ, தெரியாது.

"ஐம்பதுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது" என்று சொல்லி நிறுத்தினாள். ஒரு மூச்சு விட்டாள். "எண்ண வேண்டிய தேவை அவளுக்கு இதுவரை வரவில்லை."

தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஆயா விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சைக்கிளை எடுக்காமல் நடந்தே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. திரும்பப் போய் எடுத்து வந்தேன்.

பிப்ரவரி 1, சனி

தலைவலி. டாக்டரம்மா வந்தார். நான் கடைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று காலை ஜெபசெல்வியின் இடது கண்ணுக்குக் கீழே, மூக்கோரத்தில், மொச்சைப் பயறு அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் வலிக்கிறது என்றாள். இரண்டு நாளாக அமுக்கினால் எதுவும் வரவில்லையாம்.

வகுப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சூட்டுக் கட்டி, இளநீர் குடி. கண்கட்டி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடு வை. பூச்சிக் கடி.

கையேட்டில் எழுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. "கண்ணீர்ப் பையில் சீழ் கோத்துத் திடீரென்று சிவந்து வீங்கினால் நோயாளியைத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அமுக்கவோ கீறவோ கூடாது. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் சில நாட்களில் வற்றிவிடும்." தாமதமின்றி என்ற சொல்லுக்குக் கீழே யாரோ முன்பே கோடு போட்டிருக்கிறார்கள். நான் போடவில்லை.

நோட்டின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். போட்டி முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவளே கேட்டது. இதை நான் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

போட்டிக்கு இன்னும் ஐந்து நாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வீக்கம் இப்போது எலுமிச்சங்காய்ப் பிஞ்சு அளவு. டீச்சர் நாமக்கட்டியை உரசிக் கொண்டுவந்து பற்றுப் போட்டார். வெள்ளைப் பற்றும் சிவந்த கண்ணுமாக ஜெபசெல்வி ஒத்திகையில் நின்றாள். பேசும்போது வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிட்டாள்.

குழாயடியில் முகம் கழுவும்போது என்னிடம் கேட்டாள்: "ஏட்டி வடிவு, நீ அந்தப் புஸ்தகமெல்லாம் படிச்சியே. இது அந்தப் பையிலதான வருது? இதுக்கு என்ன போட்டிருக்கு?"

"போட்டி முடிஞ்சதும் காட்டலாம்னு நீதான சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

"அப்புறம் என்ன."

அவள் குழாயை மூடினாள். தாவணியால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

டாக்டரம்மா வந்தார். எட்டு நோயாளிகள். காபி கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன வடிவு, இன்னைக்கு ஒரு கேள்விகூடக் கேக்கல?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பரிட்சை வருது."

ஆறு முப்பது பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெபசெல்வி பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாம்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீ தயாரா இரு" என்றார். தாவணியைத் துவைத்துக் கஞ்சி போட்டேன். கொடியில் காயப்போட்டுவிட்டு, காக்கா எச்சமிடாமல் இருக்க அங்கேயே உட்கார்ந்து படித்தேன். என்ன படித்தேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டு மணிக்குக் கடைக்குப் போனபோது ஜெபசெல்வி அங்கே நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். அவள் அம்மா தோளில் பிடித்துக்கொண்டிருந்தார். இடது கண் முழுவதும் மூடிவிட்டது. மூக்கிலிருந்து கன்னம்வரை பளபளவென்று சிவப்பு. முதலில் எனக்கு அது அவள்தான் என்றே தெரியவில்லை.

அவள் அம்மா எங்கள் அப்பாவிடம், "இன்னைக்கு டாக்டரம்மா வர மாட்டாங்களாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா போன் போட்டுப் பேசிவிட்டு, ஒரு நிமிடமும் நிற்காமல் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுவரை அவரே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார்.

ஆட்டோவில் ஏறும்போது ஜெபசெல்வி வலது கண்ணால் என்னைப் பார்த்தாள். "வடிவு, அந்த மூணாவது பத்தியில வேகமாப் போயிராத" என்றாள்.

நாளை போட்டிக்கு நான் போகப் போகிறேன் என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

தூத்துக்குடி. முதல் பரிசு.

பட்டியலில் பெயரை மாற்றவில்லை. ஒலிபெருக்கியில் "ஜெபசெல்வி" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். டீச்சர் ஓடிப்போய்ச் சொல்லித் திருத்தினார், பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள், அதில் ஒரு நிமிடம் வீணானது.

நான் எழுதிவைத்திருந்ததை அப்படியே பேசவில்லை. சில இடங்களை மாற்றிக்கொண்டேன். புள்ளிவிவரங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் நடுவர்களில் ஓர் அம்மா என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசும்மா?" என்று கேட்டார். பத்து என்றேன். எனக்குத் தெரியாது.

கோப்பை நல்ல கனம். ஏப்ரலில் சென்னையில் மாநிலப் போட்டி.

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா கோப்பையைக் கடையில், கண்ணாடிச் சட்டங்கள் வைக்கிற அலமாரியில் மேல் தட்டில் வைத்தார். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். மத்தியானம் சாப்பிடும்போது, நேற்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னார்.

"சீழக் கீறி எடுத்திருக்காங்க. கண்ணுக்குப் பின்னால போயிருந்தா பார்வையே போயிருக்குமாம். நல்லகாலம். ஒரு வாரம் அங்கதான் இருக்கணும், ஊசி போடுதாங்க. எல்லாம் ஆறின பெறகு ஆபரேஷன். மூக்கெலும்புல சின்னதா ஒரு வழி தெறந்து அந்தப் பையை மூக்கோட சேத்துருவாங்களாம்."

"சரியாயிருமாப்பா?"

"சரியாயிரும். ஆனா டாக்டரம்மாவுக்குத்தான் மனசு ஆறல. திங்கக்கெழம கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே வத்தியிருக்கும், பிள்ளை போட்டிக்கே போயிருக்கலாம்னாங்க."

அம்மா மோர் ஊற்றினாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "நீ தெனம் அவகூடத்தான் இருந்த. படமெல்லாம் பாத்திருக்க. ஒனக்கு ஒண்ணும் தோணலையா?"

"கட்டின்னு நெனச்சேன்பா."

"ம்" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

இந்த நோட்டில் இதுவரை நான் பொய் எழுதியதில்லை. மேலே இருப்பது நான் அப்பாவிடம் சொன்னது. எழுதியது பொய் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

காலை வழிபாட்டில் தலைமையாசிரியை என் பெயரைச் சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள். ஜெபசெல்வி நலமடைய ஒரு நிமிடம் மௌனமாக வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மௌனம் கைதட்டலைவிடக் குறைவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

டாக்டரம்மா வருகிற நாள். நான் போகவில்லை. சமூக அறிவியல் வரைபடம் நான்கு வரைந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாநிலப் போட்டிக்கு ஜெபசெல்வியை அனுப்ப முடியுமா என்று உலகம்மாள் டீச்சரிடம் கேட்டேன். ஏப்ரலுக்குள் அவளுக்குச் சரியாகிவிடும் என்றேன்.

டீச்சர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஜெயிச்சது யாரோ அவங்கதான் போக முடியும். விதி அப்படி. ஒனக்கு என்னட்டி ஆச்சு? ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த, இப்போ கெடைச்சத இந்தா இந்தான்னு குடுக்க வார."

ஒரு மாதமாக டீச்சர் கவனித்திருக்கிறார். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

திருநெல்வேலிக்குப் போனேன். அப்பாவுக்கு அங்கே லென்ஸ் வாங்கும் வேலை இருந்தது. என்னை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, நான்கரை பஸ்ஸுக்கு ஸ்டாண்டுக்கு வந்துவிடச் சொன்னார்.

பெண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டில். மூக்கோரத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். வீக்கம் வற்றியிருந்தது, இடது கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வா வா. இங்க பேசறதுக்கு ஆளே இல்ல. எல்லாம் கண்ணக் கட்டிக்கிட்டுத் தூங்குதுக."

பக்கத்துக் கட்டில் ஆச்சி, "நான் எங்கட்டி தூங்குதேன்? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் கெடக்கேன்" என்றார். அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு.

ஜெபசெல்வியின் அம்மா என் தலையைத் தடவினார். "இது அந்தப் பையில உள்ள கோளாறுன்னு மொதல்லயே கண்டுபிடிச்சது நீதானாமே. டாக்டர்ட்ட நான் சொன்னேன், இவ கூட்டாளி ஒருத்தி படிச்சுச் சொன்னான்னு" என்றார். பிறகு எனக்குக் காபி வாங்க பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

"பேசிக் காட்டு" என்றாள் ஜெபசெல்வி.

"என்னது?"

"தூத்துக்குடியில பேசினத. முழுசும். இந்த ஆச்சியும் கேக்கட்டும்."

வேண்டாம், நர்ஸ் திட்டுவார் என்றேன். அவள் விடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று பேச ஆரம்பித்தேன். முதல் பத்தி என்னுடையது. இரண்டாவதும் என்னுடையது. மூன்றாவது வந்தபோது வேறு ஏதாவது சொல்லிக் கடந்துவிடலாம் என்று பார்த்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"கழுகுமலைப் பக்கத்தில் ஒரு பெண். ஒன்பது வயது" என்றேன்.

ஜெபசெல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்தன. ஐம்பது குச்சி வந்தது. எண்ணத் தெரியாது வந்தது. கடைசிவரை பேசி முடித்தேன்.

ஆச்சி, "ஏ, நல்லாப் பேசுதாளே" என்றார்.

ஜெபசெல்வி போர்வையை முழங்கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எண்ணத் தெரியாதுக்கு அப்புறம் நான் ஒரு மூச்சு விடுவேன். நீ விடல. அதான் ஓடிருச்சு."

"ம்."

"எங்க சித்தி மவ, ஒனக்கு யாரு? மேடையில என்ன சொன்ன?"

"ஒரு பெண்ணுன்னு மட்டும்தான் சொன்னேன்."

ஆச்சி கை நீட்டித் தண்ணீர்ச் செம்பைத் தடவினார், நான் எடுத்துக் கொடுத்தேன்.

"சரி. நல்லாத்தான் பேசுற" என்றாள் ஜெபசெல்வி. "ஆனா நான் வந்திருந்தா நீ ரெண்டாவதுதான். கண்ணு ஒழுகினாலும் ஒழுகாட்டியும்."

"தெரியும்" என்றேன். "அதான் சொல்லல."

"என்ன சொல்லல?"

கட்டில் கம்பியில் பெயிண்ட் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அது என்ன வீக்கம் என்று திங்கட்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும் என்று. உடனே காட்டினால் சில நாளில் வற்றிவிடும் என்று புத்தகத்தில் படித்ததை. செவ்வாய்க்கிழமை குழாயடியில் அவள் கேட்டபோது தெரிந்துகொண்டேதான் அப்படிப் பதில் சொன்னேன் என்று. புதன்கிழமை டாக்டரம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்ததை. சத்தியத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆச்சியின் கட்டிலில் அசைவே இல்லை.

ஜெபசெல்வி பிளாஸ்திரியைத் தொடப் போய், தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. கணக்கில் விடை வராதபோது கரும்பலகையைப் பார்ப்பாளே, அப்படி என்னைப் பார்த்தாள்.

அவள் அம்மா பிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும் ஒரு பன் பாக்கெட்டுமாக வந்தார். "நின்னுக்கிட்டே இருக்கியேம்மா, உக்காரு. சூடா இருக்கு" என்று மூடியைத் திருகினார்.

"இவ கெளம்புதாம்மா" என்றாள் ஜெபசெல்வி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாயிட்டாம்."

"ஒரு வாய் காபி குடிக்கக்கூட நேரமில்லையா?"

"இல்லம்மா. அவ போகட்டும்."

அவள் அம்மா பன் பாக்கெட்டை என் கையில் திணித்தார். நன்றாகப் படிக்க வேண்டும், அடிக்கடி வர வேண்டும் என்றார். சரி என்றேன். ஜெபசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

வார்டைத் தாண்டி, படி இறங்கி, வாசலுக்கு வந்தேன். அங்கே சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது.

பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.